ஸ்டான்லி வீதி ஒழுங்கையில் ஒரு தரவு மீட்புக் கடையும் அட்மிரல் பொயின்டெக்ஸ்டரின் ஃபைல்களும்

ஹார்ட் டிஸ்க் மக்கர் பண்ணினால் யாழ்ப்பாணத்தில் எங்கே கொண்டுபோவது என்று கேட்பவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டான்லி வீதியிலிருந்து உள்ளே பிரியும் ஓர் ஒழுங்கையில் இருக்கும் இந்தச் சின்னக் கடைக்கு நம்பிக் கொண்டுபோகலாம். வேலை சுத்தம், விலை நியாயம், கை மட்டும் மெதுவு. கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று நடத்துகிற தம்பி கேட்டுக்கொண்டார். ஏற்கெனவே மேசை கொள்ளாமல் வேலை கிடக்கிறதாம். போன் கவர் விற்கிற கடைக்கும் ஃபோட்டோகொப்பிக் கடைக்கும் நடுவே, கண்ணாடிக் கதவில் “விண்டோஸ் போடப்படும்” என்று மட்டும் ஒட்டியிருக்கும். தரவு மீட்பு என்று எங்கும் எழுதியிருக்காது. ஒழுங்கைக்குள் விசாரித்தால் காட்டுவார்கள்.

நான் கொண்டுபோனது ஒரு டெராபைட் அளவுள்ள பழைய வெளிப்புற டிஸ்க். உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஊர் வாசிகசாலையில் மாதாமாதம் ஒரு பேச்சு வைக்கிறேன். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் தலைப்பு, கடற்படையிலிருந்து தேசியப் பாதுகாப்புப் பதவிகளுக்குப் போனவர்கள். நம் தீவிலேயே ஆட்கள் உண்டு. 2012 முதல் 2014 வரை கடற்படைத் தளபதியாக இருந்த ஜயநாத் கொலம்பகே 2020 இல் வெளிவிவகாரச் செயலாளர் ஆனார். அதே வருடம் றியர் அட்மிரல் சரத் வீரசேகர பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். இந்தியாவும் 2022 இல் தேசியக் கடல்சார் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் என்று புதுப் பதவி ஒன்றை உண்டாக்கி, ஓய்வு பெற்ற வைஸ் அட்மிரல் அசோக் குமாரை அதில் இருத்தியது. ஆனால் என் குறிப்புகளில் முக்கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொண்டவர் அமெரிக்கர் ஒருவர்: ஜோன் பொயின்டெக்ஸ்டர். ஜனாதிபதி றேகனின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர். கொம்பியூட்டரைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர். கடைசியில் கொம்பியூட்டரிலேயே மாட்டுப்பட்டவர். அவரைப் பற்றிய குறிப்புகளைத் தேடி ஒரு தரவு மீட்புக் கடை வாசலில் நிற்பதை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது.

டிஸ்க் ஓடும், பெயரும் காட்டும், ஃபைலைத் திறக்கப் போனால் லப்டொப் முழுதும் உறைந்து நிற்கும். முதலில் நகரத்தில் வேறோர் இடத்தில் காட்டினேன். எந்த இடம் என்பது வேண்டாம். ஃபோர்மட் அடித்தால் சரியாகிவிடும் என்றார்கள். டிஸ்க் சரியாகும், உள்ளே இருப்பது என்ன ஆகும் என்று கேட்டேன். அது போகும்தானே என்றார்கள். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்தக் கடையில் தம்பி முதலில் டிஸ்க்கைக் காதில் வைத்துக் கேட்டார். “சேர், இதை இனி வீட்டில ஓன் பண்ணாதேங்கோ” என்றார். டிக் டிக் என்று சத்தம் வந்தால் வாசிக்கும் முனை பழுது, அதைத் திறக்கத் தூசி புகாத இடம் வேண்டும், அந்த வசதி தன்னிடம் இல்லை, கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று தானாகவே சொன்னார். எனக்குப் பிடித்துப்போனது இங்கேதான். தன்னால் எது ஏலாது என்பதை வாடிக்கையாளர் கேட்குமுன் சொல்கிற திருத்தகத்தை நான் இந்த ஊரில் அதிகம் கண்டதில்லை. என்னுடையதில் சத்தம் இல்லை, உள்ளே சுழலும் தட்டில் சில பகுதிகள் மட்டும் வாசிக்க முடியாமல் போயிருக்கின்றன என்றார்.

பழுதான டிஸ்க்கில் அவர் நேரே கை வைப்பதில்லை. முதலில் அதை அப்படியே வேறொரு டிஸ்க்குக்குப் படியெடுக்கிறார். சுகமாக வாசிக்கக்கூடிய பகுதிகள் முதலில், அடம்பிடிக்கிற பகுதிகளை விட்டுவிட்டு முன்னே போய், பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து முயற்சி. பழுதான இடத்திலேயே முதலில் முட்டிக்கொண்டு நின்றால் நல்ல பகுதியை வாசிக்குமுன் டிஸ்க் செத்துவிடும். இந்தப் படியெடுப்புக்கே நாள் கணக்கில் எடுக்கும். மீட்பு வேலை எல்லாம் படியில்தான். கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மேசைக்குக் கீழே யூபிஎஸ் இரண்டு இருந்தன.

அழித்த ஃபைல் எப்படித் திரும்பி வருகிறது என்று கேட்ட இன்னொரு வாடிக்கையாளருக்கு அவர் விளங்கப்படுத்தியதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். வாசிகசாலையில் புத்தகத்தின் அட்டவணைச் சீட்டைக் கிழித்துப் போட்டால் புத்தகம் தட்டிலேயே இருக்கும், அந்த இடத்தில் வேறு புத்தகம் வைக்கும்வரை யாரும் தேடி எடுக்கலாம் என்றார். நான் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டிய விளக்கம். 1986 நவம்பரில் மின்னஞ்சல்களை அழித்த பொயின்டெக்ஸ்டரின் பக்கத்தில் இப்படிச் சொல்ல ஆள் இருக்கவில்லை.

வேலை முடிந்ததென்று அழைப்பு வந்ததும் போனேன். பெரும்பாலான ஃபைல்கள் வந்துவிட்டன. ஆனால் ஒரு பகுதிக்குப் பெயரும் போல்டரும் இல்லை. வெறும் இலக்க வரிசை. அடையாளத்தை வைத்து ஃபைலை மட்டும் பொறுக்கியெடுக்கும்போது பெயர் மிஞ்சாது என்றார். வேண்டியது வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கதிரையைத் தந்து, ஸ்கிரீனை என் பக்கம் திருப்பிவிட்டு, பிளேன்ரீ குடிக்க வெளியே போய்விட்டார். என் ஃபைலை அவர் எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்க்க அதில் ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

முதலில் திறந்தது 2003. அந்தப் பக்கத்தில் ஒரு படம் ஒட்டியிருந்தேன்: பிரமிட்டின் உச்சியில் ஒரு கண், அதிலிருந்து பாயும் ஒளி பூமியின் மேல் விழுகிறது. பெண்டகனின் ஆராய்ச்சி நிறுவனமான டார்பாவில் 2002 இல் பொயின்டெக்ஸ்டர் தலைமையேற்ற தகவல் விழிப்புணர்வு அலுவலகத்தின் சின்னம் அது. எவனோ சதிக்கதைப் பிரியன் கிண்டலுக்குக் கீறிய படம் என்று நினைப்பீர்கள். இல்லை, அவர்களே வைத்துக்கொண்டது. செப்டெம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, வங்கி, பயணம், தொலைபேசி, மருத்துவம் என்று சனங்கள் விட்டுச்செல்லும் தடங்களை எல்லாம் சல்லடை போட்டால் பயங்கரவாதியின் தடம் தனியாகத் தெரியும் என்பது அவருடைய எண்ணம். திட்டத்துக்கு முழுமையான தகவல் விழிப்புணர்வு என்று பெயர். கூச்சல் எழுந்ததும் ‘முழுமையான’ என்ற சொல்லை எடுத்துவிட்டுப் ‘பயங்கரவாத’ என்ற சொல்லைப் போட்டார்கள். 2003 ஜூலையில் இன்னொரு கூத்து வெளிவந்தது. மத்திய கிழக்கில் அடுத்து என்ன நடக்கும் என்று பந்தயச் சந்தை போல விலை வைத்து ஊகிக்கும் ஒரு திட்டம். செனட்டர்கள் அதை அம்பலப்படுத்திய மறுநாளே அது கைவிடப்பட்டது. ஓகஸ்டில் பொயின்டெக்ஸ்டர் விலகினார். செப்டெம்பரில் காங்கிரஸ் அலுவலகத்துக்கான பணத்தை நிறுத்தியது.

அடுத்த இலக்கத்தைத் திறந்தால் 1958. இந்தியானா மாநிலத்தின் ஓடன் என்ற சிற்றூர்ப் பையன், அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் அந்த வருடத்து வகுப்பில் முதலாமிடம். அதே வகுப்பில் 899 பேரில் 894 ஆவதாக வந்தவர் ஜோன் மக்கெய்ன், பிற்காலத்து செனட்டர். பிள்ளைகளுக்கு இதைச் சொல்வதா வேண்டாமா என்று எப்போதும் யோசிப்பேன். சொன்னால் படிக்க மாட்டார்கள். பிறகு கல்டெக்கில் நோபல் பரிசு பெற்ற ருடோல்ப் மொஸ்பவரின் கீழ் பௌதிகவியல் ஆராய்ச்சி, 1964 இல் கலாநிதிப் பட்டம், தூலியம் சேர்மங்களைப் பற்றி. கப்பல் ஓட்டப் போகிறவருக்கு இது எதற்கு என்று கேட்கலாம். கேட்காமல் போனவர் கடலிலும் குறை வைக்கவில்லை. இங்கிலாந்து என்ற பெயருள்ள ஏவுகணைக் கப்பலின் கட்டளை அதிகாரியாகவும், பிறகு ஒரு நாசகாரிக் கப்பல் அணியின் தலைவராகவும் இருந்தார். 1981 இல் வெள்ளை மாளிகையின் தேசியப் பாதுகாப்புச் சபைக்கு இராணுவ உதவியாளராக வந்தார். 1983 இல் துணை ஆலோசகர். 1985 டிசெம்பரில் அப்போதைய ஆலோசகர் மக்பார்லன் விலக, அவரிடத்தில் ஆலோசகர்.

இந்த ஃபைல் முழுசாக வந்தது. ஆனால் இதற்கும் 1986 ஃபைலுக்கும் இடையில் இருக்க வேண்டிய அகிலே லோரோ ஃபைல் பாதியில் வெற்றெழுத்துக் குப்பையாக நின்றது. 1985 ஒக்டோபரில் பலஸ்தீனர்கள் கடத்திய இத்தாலியப் பயணக் கப்பல் அது. கடத்தியவர்களை ஏற்றிச் சென்ற எகிப்திய விமானத்தை அமெரிக்கப் போர்விமானங்கள் வானிலேயே மறித்து சிசிலியில் இறக்கின. துணை ஆலோசகர் பொயின்டெக்ஸ்டருக்கு நல்ல பெயர் வாங்கிக்கொடுத்த நடவடிக்கை. இதை நினைவிலிருந்து திரும்ப எழுதிக்கொள்வேன், பரவாயில்லை. தட்டில் அந்த இடம் செத்துவிட்டது, கடையைக் குறை சொல்ல முடியாது.

நான் பயந்துகொண்டிருந்தது 1986 ஃபைலுக்காகத்தான். அது வந்திருந்தது, அடிக்குறிப்புகளோடு.

கதையைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: லெபனானில் பிடிபட்டிருந்த அமெரிக்கப் பணயக்கைதிகளை விடுவிக்க உதவும் என்ற எதிர்பார்ப்பில் ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்றார்கள். அதில் வந்த லாபத்தின் ஒரு பங்கு, காங்கிரஸ் பணம் கொடுக்கக் கூடாதென்று தடுத்திருந்த நிக்கரகுவாவின் கொன்ட்ரா கிளர்ச்சிக்காரர்களுக்குப் போனது. ஓடித்திரிந்து செய்தவர் ஒலிவர் நோர்த் என்ற மரீன் படை அதிகாரி. மேலே இருந்து தலையசைத்தவர் பொயின்டெக்ஸ்டர். இவர்களுக்கிடையே எழுத்துப் போக்குவரத்து நடந்தது ஐபிஎம் நிறுவனத்தின் புரொப்ஸ் என்ற மின்னஞ்சல் முறையில். அந்தக் காலத்தில் பெரும்பாலான அலுவலகங்கள் மின்னஞ்சல் என்றால் என்னவென்றே அறியாது. சபைக்குள் கொம்பியூட்டரை ஊக்கமாக முன்தள்ளியவர் பொயின்டெக்ஸ்டர்தான். நோர்த்தின் செய்திகள் வழமையான மேசைகளைத் தாண்டி நேரே தன்னிடம் வர ஒரு தனிவழியும் போட்டுக்கொடுத்தார்.

1986 நவம்பர் தொடக்கத்தில் லெபனான் சஞ்சிகை ஒன்று ஆயுதக் கதையை உடைத்தது. விசாரணை வாசலுக்கு வந்தபோது இருவரும் மின்னஞ்சல்களை அழிக்கத் தொடங்கினார்கள். பொயின்டெக்ஸ்டர் அழித்தது மட்டும் ஐயாயிரத்துக்கு மேல். 1985 டிசெம்பரில் றேகன் கையெழுத்திட்டிருந்த ஒரு ரகசிய ஆணையையும் கையாலேயே கிழித்துப் போட்டார். கிழித்த காகிதம் போனது போனதுதான். அழித்த மின்னஞ்சல் போகவில்லை. காப்புப் பிரதியாகக் காந்த நாடாக்களில் எல்லாம் பதிந்திருந்தன. விசாரணையாளர்கள் அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். பௌதிகவியல் கலாநிதிக்கு இந்த நாடாக்கள் நினைவில் வராமல் போனது எப்படி என்று நான் பேச்சு வைக்கும்போதெல்லாம் யாராவது கேட்பார்கள். என் எண்ணம் இதுதான்: இயந்திரத்தை நன்றாக அறிந்தவன் அதைத் தன்னுடையது என்று நினைத்துவிடுகிறான். அது அரசாங்கத்தின் கொம்பியூட்டர், அதில் இருப்பது அரசாங்கத்தின் ஆவணம். தனக்கு ஒரு தனி அறை என்று நினைத்துப் பேசியிருக்கிறார். 2002 இலும் அதே ஆள்தான், திசைதான் வேறு. ஊரார் தடங்களை எல்லாம் சல்லடை போட முடியும் என்று தெரிந்தது. அந்தத் தடங்கள் யாருடையவை என்ற கேள்வி இரண்டாம் பட்சமாகிவிட்டது.

நவம்பர் 25 இல் அவர் பதவி விலக, நோர்த் அதே நாளில் நீக்கப்பட்டார். 1987 ஜூலை நடுவில் காங்கிரஸ் விசாரணைக் குழுவின் முன் சுங்கானைப் புகைத்துக்கொண்டு பொயின்டெக்ஸ்டர் சாட்சி சொன்னார். பணம் கொன்ட்ராக்களுக்குப் போனதை ஜனாதிபதிக்கு வேண்டுமென்றே சொல்லவில்லை, பொறுப்பு தன்னோடு நிற்கிறது என்றார். அதே மாதக் கடைசியில்தான் இங்கே இலங்கை இந்திய ஒப்பந்தம். இராணுவத்தின் வடமராட்சி நடவடிக்கையும், இந்திய விமானங்கள் உணவுப் பொதி போட்ட பூமாலையும் முடிந்த கையோடு சனம் மூச்சுவிட்ட நேரம். வானொலியில் வொஷிங்டன் செய்தி வந்தாலும் யார் காது கொடுத்திருப்பார்கள்? 1990 ஏப்ரல் 7 இல் ஐந்து குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. இந்தியப் படையின் கடைசிக் கப்பல் திருகோணமலையை விட்டுப் புறப்பட்டுச் சரியாக இரண்டு கிழமை. ஆறு மாதச் சிறை என்றார்கள். 1991 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை இரத்துச் செய்தது. காங்கிரஸின் முன் அவர் சொன்ன சாட்சியத்தை அவருக்கெதிராகப் பயன்படுத்த முடியாதென்ற பாதுகாப்பு இருந்தது. அந்தச் சாட்சியம் வழக்கின் சாட்சிகளைப் பாதித்திருக்கலாம் என்பது காரணம். சிறைக்குப் போகவில்லை.

அந்த நாடாக்களின் கதை அவரோடு முடியவில்லை. றேகன் பதவிக்காலத்தின் கடைசி முழுநாளான 1989 ஜனவரி 19 இல், அவற்றை அழிக்கப் போகிறார்கள் என்று வெளியார் சிலர் வழக்குப் போட்டு நிறுத்தினார்கள். 1993 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மின்னஞ்சலும் அரச ஆவணமே என்றது. ஒரு கடற்படைக்காரர் மறைக்கப் பார்த்ததால் பின்னால் வந்த ஆட்சிகளின் மின்னஞ்சல்கள் எல்லாம் காக்கப்பட வேண்டியதாயிற்று.

சரி, கடைக்கு வருவோம். எல்லாவற்றையும் நான் கொண்டுபோன புது டிஸ்க்குக்கு மாற்றித் தந்தார். படியெடுத்த டிஸ்க்கை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பொயின்டெக்ஸ்டரைப் படித்தவன் கேட்காமல் விடுவேனா? ஒரு கிழமை வைத்திருப்பேன், ஏதும் விடுபட்டிருந்தால் வருவீர்கள் என்பதற்காக, பிறகு முழுக்க மேலெழுதிவிடுவேன் என்றார். வேண்டுமென்றால் இப்போதே கண்முன் செய்கிறேன் என்றும் சொன்னார். வெறும் அழிப்பு இல்லை, மேலெழுதல். அந்த வித்தியாசம் தெரிந்த ஆள். முதலில் வரும்போது எழுதிய பதிவுக் கொப்பியில் என் பெயர், போன் இலக்கம், டிஸ்க்கின் தொடர் இலக்கம் மூன்றும்தான் இருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டது எந்த வகை ஃபைல் என்று அறியத்தான். கலியாண வீட்டுப் படம், கணக்கு, வகுப்புக் குறிப்பு எல்லாம் இந்த மேசையைக் கடந்து போகின்றன. வெளிநாட்டுப் பிள்ளைகளின் காகிதங்களும் இருக்கும். இதில் வாயடக்கம் இல்லாத ஆளிடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கூலி 12,000 ரூபாய். பரிசோதனைக்கு முதலில் 1,000 வாங்குவார், வேலை நடந்தால் அதைக் கழிப்பார். ஒன்றும் மீளவில்லை என்றால் மீதியைக் கேட்கமாட்டார். கொழும்பில் கேட்ட விலையோடு பார்த்தால் குறைவு.

குறைகளும் உண்டு. போன் எடுக்கமாட்டார். வட்ஸ்அப்பில் போட்டால் இரவில் பதில் வரும். காட் எடுப்பதில்லை, காசுதான். ரசீது கையெழுத்தில், அதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். உள்ளே ஒரு கதிரை, அதிலும் அவருடைய பை இருக்கும். மத்தியானத்தில் வெக்கை தாங்காது, ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் நிறுத்துவதே பாடு. இலக்கமாக வந்த ஃபைல்களுக்குப் பெயர் வைத்து அடுக்கும் வேலை முழுக்க உங்கள் தலையில். நான் இன்னும் அடுக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு கட்டத்தில் 1990 தீர்ப்புக்குள் என் மின் கட்டணக் கணக்கு வந்து உட்கார்ந்தது.

எஸ்எஸ்டி என்ற, சுழலும் தட்டு இல்லாத டிரைவைக் கொண்டுபோகிறவர்கள் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். அதில் அழித்ததை டிரைவ் தானாகவே துப்புரவாக்கிவிடும், தன்னிடம் மந்திரம் இல்லை என்று அவரே சொல்கிறார். போன்களிலிருந்து தரவு மீட்கும் வேலையும் எடுப்பதில்லை. ஞாயிறு பூட்டு, மற்ற நாட்களில் பத்து மணிக்கு முன் போய்ப் பயனில்லை. மாற்றி எடுக்க வெற்று டிஸ்க் ஒன்றை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், அவரிடம் விற்பனைக்கு இல்லை.